உடையாத கம்பிகள்

கம்பி ஒன்றுகூட உடையவில்லை. அதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

முன்சக்கரம் பட்டறை மேசைமேல் எட்டுப்போல் முறுக்கிக் கிடந்தது. இறக்கத்தில் சைக்கிளில் சுமையோடு போகும்போது அது மடங்கியதில்தான் அவள் கணவன் தலைகுப்புற விழுந்து செத்தான். அடக்கத்துக்குப் பிறகு இன்றுதான் பட்டறையைத் திறந்திருக்கிறார்கள். கம்பிகள் முழுசாக இருந்தன. கம்பியை ரிம்மோடு பிடித்து இறுக்கும் நிப்பிள்கள்தான் வரிசையாகத் தலை பிய்ந்திருந்தன.

"இன்னும் என்னத்தைப் பாக்குறீங்க அண்ணி?" என்றான் கொழுந்தன். "பேக்கரிக்காரர் வந்துடுவாரு. அவருக்குன்னு கோத்துக் கொக்கியில மாட்டியிருக்கிற மூணு சக்கரத்தையும் குடுத்துடலாம்."

"வேணாம்பா. அதுவும் இதே ரிம்மு, இதே கம்பி."

"கணக்குப்புலின்னு அண்ணன் உங்களைத் தலையில தூக்கி வச்சு ஆடினாரு. இப்ப உங்க கணக்கையே நீங்க நம்பலியா?"

அளப்பதும், கணக்குப் போட்டுக் கம்பி வெட்டுவதும் அவள் வேலை. கோத்து இறுக்குவது கணவன் வேலை. கம்பியின் முனை நிப்பிளின் தலைக்குள் வரை எட்ட வேண்டும். எட்டினால் இழுவையைக் கம்பியே வாங்கிக்கொள்ளும். கழுத்தோடு நின்றுவிட்டால் அந்தச் சின்ன அலுமினியத் தலை தனியாக மல்லுக்கட்ட வேண்டும். கொஞ்ச காலம் தாங்கும், பிறகு ஒரு குலுக்கலில் பிய்த்துக்கொண்டு போகும். இங்கே பிய்ந்திருந்த விதத்தைப் பார்த்தால் கம்பி குட்டை. குட்டை என்றால், அவரைக் கொன்றது அவள் போட்ட கணக்கு.

மறுபடி போட்டாள். கணக்கு கடினமானதில்லை. சக்கரத்தின் மையத்திலிருந்து நிப்பிள் உட்காரும் இடம் வரை 301 மில்லிமீட்டர். மையத்திலிருந்து, நடு உருளையான ஹப்பின் விளிம்பில் கம்பி நுழையும் துளை வரை 22.5. அந்த விளிம்பு சக்கரத்தின் நடுக்கோட்டிலிருந்து பக்கவாட்டில் 35. மூன்றையும் வர்க்கமாக்கிக் கூட்ட வேண்டும். அதிலிருந்து ஒரு கழிவு உண்டு. கம்பி ஹப்பிலிருந்து நேராகக் கிளம்பாமல் சாய்ந்து போகிறது; சாயச் சாயக் கழிவு குறையும், கம்பி நீளும். முப்பத்தாறு கம்பிச் சக்கரத்தில் ஒவ்வொரு கம்பியும் மூன்று கம்பிகளைக் குறுக்கே தாண்டினால் சாய்வு கச்சிதமாக அறுபது டிகிரி. அதில் ஒரு சௌகரியம்: 301ஐ 22.5ஆல் பெருக்கி அப்படியே கழித்துவிடலாம். வருவதற்கு வர்க்கமூலம் எடுத்து, ஹப்பின் துளைக்காக ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் குறைத்தால் 291.

உடைந்த சக்கரத்தின் கம்பியை அளந்தாள். 291. மூலையில் இருந்த புது ரிம்மில் எதிரெதிர்த் துளைகளில், நீளம் தெரிந்த இரண்டு அளவுக்கம்பிகளைச் செருகி அளந்தாள். குறுக்களவு 602, பாதி 301. எல்லாம் சரி. கணக்கு சரியென்றால் நிப்பிளின் தலை ஏன் பிய்ந்தது?

பேக்கரிக்காரர் வாசலிலேயே குரல் கொடுத்தார். "ஏம்மா, போட்ட பன்னெல்லாம் கடையிலேயே கல்லாயிடுச்சு. சக்கரம் இல்லேன்னா சொல்லு, அதையே ஓட்டை போட்டு மாட்டிக்கிறேன்."

கொழுந்தன் கொக்கியிலிருந்து ஒரு சக்கரத்தை இறக்கினான். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"இதை யாருண்ணே ஓட்டுவா?"

"என் மூத்தவன்தான். ஏன்?"

"அப்ப கொஞ்சம் இருங்க."

மேசையில் வைத்து, ரிம்மின் நாடாவை உரித்து, ஒரு நிப்பிளைக் கழற்றினாள்.

"முடிஞ்ச வேலையைப் பிரிக்கிறீங்களே, பைத்தியமா?" என்று கொழுந்தன் கத்தினான்.

ரிம்மைத் திருப்பினாள். அதன் பொந்துக்குள் ஏதோ கலகலவென்று உருண்டது. உலுக்கினாள். துளை வழியாக ஓர் இரும்பு வாஷர் விழுந்தது. கையால் வெட்டி வளைத்தது. தடிமன் இரண்டு மில்லிமீட்டர்.

அதைப் பார்த்ததும் கொழுந்தனின் குரல் இறங்கிவிட்டது. "அண்ணன் போட்டது. ரிம்மு மெலிசா இருக்கு, சுமைக்கு ஓட்டை கிழிஞ்சிடும்னு ஒவ்வொரு நிப்பிளுக்கும் அடியில ஒண்ணு வச்சாரு. நான்தான் வளைச்சுக் குடுத்தேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"உறுதிக்குத்தானே அண்ணி? இதெல்லாமா சொல்லணும்?"

அவள் வாஷரை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவர் பயந்தது ரிம்முக்காக. வாஷர் நிப்பிளின் தலையைத் தன் தடிமன் அளவுக்கு மையத்தை விட்டு வெளியே தள்ளியது. கம்பி தலைக்குள் எட்டாமல் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

"இன்னைக்குக் கிடையாதுண்ணே. மூணையும் பிரிக்கணும்."

"எழவு வீடாச்சேன்னு சும்மா போறேன்," என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் போனார். கொழுந்தன் சுவரோரம் குந்தி, முகத்தை முழங்கைக்குள் புதைத்துக்கொண்டான். அவனைத் தேற்ற அவளுக்குத் தோன்றவில்லை.

எதிரெதிராக இரண்டு வாஷர்களை வைத்து அளவுக்கம்பிகளைச் செருகி அளந்தாள். 606. பாதி 303. கணக்கை முதலிலிருந்து போட்டாள்.

வாஷர் போடும் ரிம்மை வாஷரோடு சேர்த்தே அளக்க வேண்டும். இந்தச் சக்கரத்துக்குக் கம்பி நீளம் 293.