பதிவில் ஏறாத சோப்பு

தெருவே அவரை ‘துருதுரு’ என்றுதான் கூப்பிடும். கணினிக்குள் சூடு தணிக்கும் விசிறி செய்பவர். இறக்கைகளை ஏறுமாறான இடைவெளியில் வைத்து, சத்தமே போடாத விசிறி ஒன்றைக் கண்டுபிடித்தார். ஓடுகிறதா என்று காதை வைத்துப் பார்த்த ஒருவர் அப்படியே தூங்கிப்போனார்.

பெரிய கம்பெனி ஒன்று அதைக் காப்பியடித்துவிட்டு, காப்புரிமையே செல்லாது என்று வழக்கும் போட்டது. “இந்தத் தொழிலில் பயிற்சியுள்ள எவனுக்கும் சட்டென்று தோன்றக்கூடியதுதானே!” என்பது அவர்கள் வாதம். கீழ்க்கோர்ட்டு செல்லும் என்றது. கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போனது. இங்கே தோற்றால் பட்டறையை மூட வேண்டியதுதான்.

துருதுருவின் வக்கீல் அவருடைய அண்ணிதான். “தம்பி, வாயைத் திறந்தீங்க, தொலைச்சுப்புடுவேன்” என்று சொல்லித்தான் கோர்ட்டில் உட்கார வைத்தார்.

துருதுருவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவர் கால் ஆடிய ஆட்டத்தில் பெஞ்சு நகர்ந்து நகர்ந்து கதவுப் பக்கம் போய்விட்டது. காவலர் தள்ளி வந்து பழைய இடத்தில் விட்டார். மறுபடி கிளம்பியது.

“அவ்வளவு சுலபமா தோணலைங்க” என்றார் அண்ணி, நீதிபதிகளிடம். “வருஷக்கணக்கா உழைச்சார். ஒடிஞ்ச இறக்கைகளை மூட்டை மூட்டையா கீழ்க்கோர்ட்டுல காட்டியிருக்கோம்.”

மூட்டைகள் நிஜம்தான். ஆனால் ஒன்று தோன்ற அவ்வளவு காலம் ஆகிற ஆள் என்று தன்னைச் சொன்னது துருதுருவைச் சுருக்கென்று தைத்தது.

“வருஷக்கணக்கா? குளிக்கும்போது சோப்பு வழுக்குச்சு, குனிஞ்சு எடுக்கறதுக்குள்ள தோணிடுச்சு!”

எதிர் வக்கீல் துள்ளி எழுந்தார். “ஐயா, அவரே ஒத்துக்கிட்டார்!”

அண்ணி கண்ணை மூடிக்கொண்டார்.

மூத்த நீதிபதி கண்ணாடியைத் துடைத்தார். “இங்க புதுசா சாட்சியம் எடுக்கறதில்லை. கீழ்க்கோர்ட்டுப் பதிவுல சோப்பு இருக்கா?”

எதிர் வக்கீல் கட்டு முழுக்கப் புரட்டினார். “இல்லைங்க ஐயா.”

“அப்ப யாரும் எதுவும் சொல்லலை. உக்காருங்க.”

காப்புரிமை செல்லும் என்று மாலைக்குள் தீர்ப்பு வந்தது. பட்டறை பிழைத்தது. படியிறங்கும்போது துருதுரு நின்று நின்று வந்தார்.

“அண்ணி, நான் சொன்னது எல்லார் காதுலயும் விழுந்துச்சே?”

“சட்டப்படி விழலை.”

“குனிஞ்சு எடுக்கறதுக்குள்ள தோணிச்சுன்னு சொன்னேனே?”

“சொல்லலை, தம்பி. வாங்க.”

நாலு படி இறங்கியவர் மறுபடி நின்றார்.

“இதுக்கும் மேல ஒரு கோர்ட்டு இருக்காமே. சோப்பைப் பதிவுல ஏத்த நாமளே ஒரு அப்பீல் போட்டா என்ன?”

அண்ணி அவர் சட்டைக் கையைப் பிடித்துத் தெருமுனை வரை இழுத்துக்கொண்டே போனார்.