அளவு நாடாவின் மறுமுனை

குடிநீர் வாரிய அலுவலகத்தில் தனக்கென்று கொடுத்திருந்த நாற்காலியில் அன்று காலையிலிருந்து அவள் சேர்ந்தாற்போலப் பத்து நிமிடம் உட்காரவில்லை. உட்கார்ந்தால் கைப்பைக்குள் இருந்த அளவு நாடா விலாவில் இடித்தது. பையைத் தூக்கி மேசைமேல் வைத்தால் கண்ணை உறுத்தியது. இலவசக் குழாய் இணைப்புத் திட்டம் அன்று மாலை ஐந்து மணியோடு முடிகிறது. முடிந்தால் நல்லது, தலைவலி தீர்ந்தது என்று காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போது நினைத்துக்கொண்டாள். நினைத்தாளே தவிர மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை.

அவள் கள ஆய்வாளர். வேலை என்று பார்த்தால் சின்ன வேலைதான். சாலையோரம் போகும் பெரிய குழாயிலிருந்து வீடு வரைக்கும் நாடாவைப் பிடித்து அளக்க வேண்டும். முப்பது அடிக்குள் வந்தால் வாரியமே தன் செலவில் குழாய் இழுத்துக் கொடுக்கும். தாண்டினால் வீட்டுக்காரர்கள் சொந்தச் செலவில் இழுத்துக்கொள்ள வேண்டும். ஊரின் வசதியான மேட்டுத் தெருக்காரர்களுக்கு அது ஒரு பொருட்டில்லை. மேட்டுக்குக் கீழே சரிவில் இருக்கும் கூலிக்காரர்களுக்கோ, முடியாது என்று சொல்வதும் முப்பத்தோரு அடி என்று சொல்வதும் ஒன்றுதான்.

அவள் பிறந்து வளர்ந்தது சரிவில். இன்றும் அப்பா அம்மாவோடு அங்கேதான் இருக்கிறாள். வேலை உத்தரவு வந்த அன்று தெருவே அவள் வீட்டு வாசலில் நின்றது. அந்தப் பக்கத்திலிருந்து ஒருத்தி வாரிய அலுவலகக் கவுண்டருக்கு உள்ளே போய் உட்காருவது அதுதான் முதல் தடவை. பள்ளிக்கூடத்தில் அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள் தெருமுனையில் தன் வீட்டிலேயே இஸ்திரிக் கடை வைத்திருந்தாள். முதல் நாள் கட்டிக்கொள்ள வேண்டிய புடவையை வாங்கிக்கொண்டு போய், அதிகாரி புடவையில் ஒரு சுருக்கம் இருந்தாலும் பழி தனக்குத்தான் வரும் என்று சொல்லி, மூன்று தடவை தேய்த்துக் கொண்டுவந்து கொடுத்தாள்.

அந்தப் புடவையோடு அலுவலகத்துக்குள் நுழைந்தபோது குமாஸ்தா தலையைத் தூக்காமலே, இனிமேல் சரிவில் படகு விடுகிற அளவுக்குத் தண்ணீர் ஓடும் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் அந்தச் சிரிப்பு மீன்முள் மாதிரி தொண்டையிலேயே நின்றுவிட்டது.

அன்று ராத்திரியே ஒரு முடிவெடுத்தாள். விதியில் "வீடு வரை" என்றுதான் இருக்கிறது. வீட்டில் எந்த இடம் என்று எவரும் எழுதி வைக்கவில்லை. அப்படியானால் வீட்டின் கடைசியில் வைத்து அளந்துவிடலாம். பின்சுவரில் நாடாவை வைத்தால் தன் ஆட்களுக்குச் சலுகை காட்டினாள் என்று எந்த வாயும் பேச முடியாது. முதலில் தன் வீட்டைத்தான் அளந்தாள். வரவில்லை. தள்ளுபடி என்று தன் கையாலேயே எழுதி, அதை அலுவலகத்தில் நாலு பேர் காதில் விழுகிற மாதிரி சொன்னாள். குமாஸ்தா வாயடைத்துப் போனார். அந்த மௌனம் அவளுக்குச் சம்பளத்தைவிட ருசியாக இருந்தது. அம்மா அதைக் கேட்டுவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனாள். அதன்பிறகு சரிவில் அளந்த வீடெல்லாம் ஒவ்வொன்றாகத் தள்ளுபடியானது.

போன வாரம் இஸ்திரிக்கடைக்காரியின் முறை வந்தது. அவளுக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆகி நாலு மாதம்தான் ஆகிறது. குனியக்கூடாது, இஸ்திரிப் பெட்டிக்கு மேல் கனமாக எதையும் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். போகிற வருகிற பெண்களிடம் ஆளுக்கு ஒரு குடம் என்று கேட்டு வாங்கித்தான் சமையலும் குளியலும். ஒரு குடத்துக்கு ஒரு பேச்சும் சேர்த்து வாங்க வேண்டியிருக்கிறது என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். வாசல் வரைக்கும் குழாய் வந்துவிட்டால் யார் முகத்தையும் பார்த்து நிற்க வேண்டாம். அவள் கேட்டது அவ்வளவுதான்.

நாடா முப்பத்து நாலு காட்டியது.

"பின்சுவர்ல என்னடி இருக்கு? ஒரு பல்லி இருக்கு. பல்லிக்கா தண்ணி குடுக்கப் போறீங்க?"

விதி அப்படி என்று இவள் சொன்னாள். இஸ்திரிக்கடைக்காரி தலையை ஆட்டினாள். "சரிங்க மேடம்" என்றாள். அன்றிலிருந்து மேடம்தான். அந்த மேடம்தான் இன்றைக்கு நாற்காலியில் உட்கார விடாமல் குத்திக்கொண்டிருந்தது.

மதியத்துக்கு முன்னால் ஆமை சார் வந்து நின்றார். மேட்டுத் தெருக்களுக்கு அவர்தான் ஆய்வாளர். இவள் வருவதற்கு முன்னால் சரிவும் அவர் கையில்தான் இருந்தது. உடம்பும் நடையும் பேச்சும் நிதானமாகவே இருப்பதால் வந்த பெயர். அவரே போனை எடுத்து "ஆமை பேசறேன்" என்பார். கடைசி வீடு ஒன்று பாக்கி, முட்டி மடங்க மாட்டேன் என்கிறது, நாடாவின் மறுமுனையைப் பிடிக்க வா என்று கூப்பிட்டார். சும்மா உட்கார்ந்து தவிப்பதற்கு இது மேல் என்று கிளம்பினாள்.

அது முன்கூடம், நடுக்கூடம், சமையலறை என்று நீளமாகப் போகும் வீடு. ஆமை சார் சாலையில் குழாய் மூடிமேல் நாடாவின் ஒரு நுனியைக் காலால் அழுத்திக்கொண்டு நின்றார். இவள் மறுமுனையை இழுத்துக்கொண்டு பழக்கதோஷத்தில் படியேறி, கூடத்தைக் கடந்து, சமையலறைக்கே போய்விட்டாள். குழம்பு கொதித்துக்கொண்டிருந்த அடுப்புக்குப் பக்கத்தில் நாடாவோடு வந்து நின்றவளைப் பார்த்து வீட்டுக்கார அம்மாள் கரண்டியை நழுவவிட்டாள்.

"எங்கம்மா போய்ட்ட? அவங்க அடுப்பையா அளக்கப் போற?" என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

இவள் வெளியே வந்து, பின்சுவரில் வைக்கப் போனதாகச் சொன்னாள்.

"பின்சுவரா? எதுக்கு? குழாய் வாசல்லயே நின்னுடப் போகுது. வாசப்படியில வை, போதும்."

"நீங்க எப்பவும் வாசப்படியிலதான் வைப்பீங்களா சார்?"

"வேலைக்குச் சேந்த நாள்லருந்து."

அவள் நாடாவைக் கீழே வைக்கவில்லை. "சரிவுலயும்?"

"சரிவுலயும்தான். எனக்கென்ன, அங்க மாமன் மச்சான் யாராவது இருக்காங்களா, பயந்து பயந்து அளக்க?" என்றார். சொல்லிவிட்டுத்தான் அவள் முகத்தைப் பார்த்தார். வாசற்படி அளவைக் குறித்துக்கொண்டார். நாடாவை அவரே சுற்றத் தொடங்கினார்.

ஆமை சாரின் வண்டியில் திரும்பி வரும் வழியெல்லாம் அவளுக்குள் கணக்கு ஓடியது.  இஸ்திரிக்கடை வீட்டின் நீளம் பத்தடி இருக்கும். முப்பத்து நாலில் பத்து போனால் இருபத்து நாலு. பக்கத்து வீடும் அப்படித்தான், அதற்கடுத்ததும் அப்படித்தான். தான் இந்த வேலைக்கு வராமல் இருந்திருந்தால், முட்டி வலியோடு ஆமை சார் மெதுவாகச் சரிவில் இறங்கி எல்லா வீட்டுக்கும் சரி என்று எழுதிவிட்டுப் போயிருப்பார். தங்கள் ஆள் வந்தாள் என்று கைதட்டியவர்களுக்குத் தங்கள் ஆள் வந்ததுதான் கேடு. அலுவலக வாசலில் வண்டி நிற்பதற்குள் இறங்கிவிட்டாள்.

பொறியாளர் அறைக்குள் போய் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பேனாவை மூடினார். தள்ளுபடி செய்தவரே மறு அளவு எடுக்கலாம், அதற்கு இடம் இருக்கிறது, ஆனால் காரணம் எழுத வேண்டும், எழுதினால் அது அவள் கோப்பில் ஏறும், பயிற்சிக் காலம் இன்னும் முடியவில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னார். பிறகு கேட்டார்.

"ஒரு வீட்டை மட்டும் மாத்தினா வேண்டப்பட்டவங்களுக்குச் செஞ்சீங்கன்னு பேசுவாங்க. எல்லா வீட்டையும் மாத்தினா உங்களுக்கு அளக்கவே தெரியலன்னு பேசுவாங்க. எது வேணும்?"

அவள் கட்டைவிரல் நகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். குமாஸ்தாவின் சிரிப்பு காதுக்குள் கேட்டது.

"அளக்கத் தெரியலன்னே எழுதிக்கறேன் சார்."

அவர் சிரிக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. ஐந்து மணிக்கு அறையைப் பூட்டுவேன், அதற்குள் எல்லாம் மேசைக்கு வந்தாக வேண்டும் என்றார்.

சரிவில் இறங்கும்போது செருப்பு வார் அறுந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக இஸ்திரிக் கடைக்கு வந்து சேர்ந்தாள். இஸ்திரிக்கடைக்காரி பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "வாங்க மேடம், எந்தச் சுவரை அளக்கணும்?" என்றாள்.

இவள் தப்பு தன்மேல்தான் என்று சொன்னாள். எப்படி என்பதையும் ஒளிக்காமல் சொன்னாள். நிறைய பேசியிருக்கலாம், நேரமில்லை. மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும். குழாய்ப் பணியாளர் எல்லோரும் மேட்டில் இருந்தார்கள்.

"என்னால குனிய முடியாது, தெரியுமில்ல?" என்றாள் இஸ்திரிக்கடைக்காரி. கொஞ்சம் யோசித்து, நாடாவின் நுனியை வாசற்படியில் போடச் சொல்லி அதன்மேல் தன் குதிகாலை வைத்து அழுத்தினாள். "இழு. நான் அசையமாட்டேன்."

நாடா இருபத்து நாலுக்குச் சற்று முன்னால் நின்றது. இவள் அதை எழுதிக்கொண்டாள். தலையை நிமிர்த்தினால் இஸ்திரிக்கடைக்காரி முகத்தில் சந்தோஷத்தைக் காணோம்.

"எனக்கு மட்டுமா?"

"எல்லாருக்கும்."

"அப்ப ஏன் நிக்கற? நட."

இஸ்திரிக்கடைக்காரி பெட்டியை அணைத்துவிட்டு, ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி வீடு வீடாகக் கூடவே வந்தாள். ஒவ்வொரு வாசற்படியிலும் குதிகாலை வைத்தாள். என்ன ஏது என்று கேட்டவர்களுக்கெல்லாம், "மேடத்துக்கு இன்னிக்குத்தான் வாசல் எதுன்னு தெரிஞ்சிருக்கு" என்று பதில் சொன்னாள். சிலர் சிரித்தார்கள். ஒரு பெரியவர், மானத்தை வாங்கிவிட்டு இப்போது பிச்சையா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் வீட்டையும் அளந்தாள். இரண்டு வீடு வாசலிலிருந்து அளந்தும் முப்பதைத் தாண்டின. அவற்றை அப்படியே விட்டாள். அந்த வீட்டுக்காரர்கள் பார்த்த பார்வையையும் வாங்கிக்கொண்டாள்.

கடைசியில் அவள் வீடு வந்தது. அவள் நாடாவைச் சுற்றியபடி தாண்டிப் போனாள். பின்னால் காலடிச் சத்தம் வராததால் திரும்பிப் பார்த்தாள். இஸ்திரிக்கடைக்காரி அவள் வீட்டு வாசற்படியில் குதிகாலை ஊன்றி நின்றுகொண்டிருந்தாள். உள்ளேயிருந்து அம்மா குடத்தோடு வெளியே வந்து, என்ன நடக்கிறது என்று தெரியாமல் நின்றாள்.

"நீ என்னடி, வானத்துலருந்து குதிச்சவளா? வந்து புடி," என்றாள் இஸ்திரிக்கடைக்காரி.

"எங்க வீட்டை நான் அளக்கக்கூடாது."

"பின்சுவர்ல வெச்சு அளக்கும்போது மட்டும் அளக்கலாமா?"

 மணி நாலரை ஆகப் போகிறது. எழுதியதையெல்லாம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், செருப்பு கையில் இருக்கிறது, அம்மா குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டு இவளையே பார்க்கிறாள். போனை எடுத்தாள். மறுபக்கம் எடுப்பதற்குள் தெருவில் இப்படியும் அப்படியும் நாலு தரம் நடந்துவிட்டாள்.

"ஆமை பேசறேன்."

"சார், சரிவுல ஒரு வீடு மட்டும் நீங்க வந்து அளக்கணும். இப்பவே வரணும்."

அவர் எந்த வீடு என்று கேட்கவில்லை. வண்டிச் சாவியை எடுக்கும் சத்தம் கேட்டது. முட்டி ஒத்துழைத்தால் ஐந்துக்குள் வந்துவிடலாம் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்க வெச்சுப் புடிக்கணும்மா?" என்றார்.

அவள் வாசற்படியில் அசையாமல் நின்ற அந்தக் குதிகாலைப் பார்த்தாள்.

"நீங்க எல்லா வீட்டுலயும் எங்க வெப்பீங்களோ, அங்க சார்."