பச்சைப் பூஜ்யம்

இப்போதுள்ள ஆட்களுக்கு ஒரு பழக்கம். ஒன்றைச் செய்து கையில் கொடுப்பான், மறுமாசம் வேறு கம்பெனிக்குப் போய்விடுவான். அது எப்படி ஓடுகிறது, எங்கே மக்கர் பண்ணும் என்று ஒரு துண்டுத் தாளில்கூட எழுதி வைக்க மாட்டான். போன் போட்டால் எடுக்கவும் மாட்டான். எங்கள் காற்றாலைக் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் திரை செய்து கொடுத்தவனும் அந்த ரகம்தான்.

ஆரல்வாய்மொழியில் அந்தக் கம்பெனிக்குப் பதினெட்டுக் காற்றாடிகள். நான் ஒன்பது வருஷம் அங்கே காவல்காரன். ஐந்தாம் வகுப்போடு சரி. எந்தக் காற்றாடி லைனில் எத்தனை வோல்ட் என்று ஆபீஸ் கம்ப்யூட்டரில் தெரியும். அதைப் பார்க்கிற பையன் சாப்பிடப் போகும்போது என்னை உட்கார்த்திவிட்டுப் போவான்.

போன ஆடி மாசம் அப்படி உட்கார்ந்திருக்கையில் காற்றாடிகளைப் பழுது பார்க்கிற பிரைட்டன் போன் பண்ணினான். பதினொன்றாம் காற்றாடியை நிறுத்திவிட்டு, அடியில் உள்ள டிரான்ஸ்ஃபார்மரில் கை வைக்கப் போகிறான்.

“பாட்டா, பதினொண்ணுல லைன் செத்துட்டான்னு பாருங்க.”

“பூஜ்யம் மக்கா. பச்சையில கிடக்கு.”

“செரி.”

அவ்வளவுதான் பேச்சு. லைனை வெட்டுகிற சுவிட்ச் விழவே இல்லை. கரண்ட் இருந்தது. சாகும்போது பிரைட்டனுக்கு முப்பத்தொரு வயசு. கரண்ட் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிற கருவி கம்பெனியில் ஒன்றே ஒன்று. அது அன்றைக்கு வேறு இடத்தில் கிடந்தது.

காவல்காரர் வேறொரு காற்றாடியின் வரியைப் படித்துவிட்டார் என்று மேனேஜர் சிவதாணு எழுதிக் கொடுத்தார். வேலை போயிற்று, அது கிடக்கட்டும். பிரைட்டனின் பெண்டாட்டி பிளஸ்ஸி, சர்ச்சில் ஆராதனை முடிந்து எல்லாரும் வெளியே வருகிற நேரத்தில் என்னை மறித்தாள். “ஒரு பூஜ்யம் படிக்கத் தெரியாதவரு எதுக்குப் போனை எடுத்திய?”

அதோடு கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். சரியாகத்தான் படித்தேன் என்று முதலில் நிச்சயமாக இருந்தது. மாசம் போகப் போக எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

பங்குனியில் சபிதா என்று நாகர்கோவில்காரப் பெண் வீடு தேடி வந்தாள். அந்தத் திரைக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, பழுது பார்க்கத் தொடவும் பயம். அதனால் கம்பெனியில் அவளைக் கூலிக்குப் பிடித்திருக்கிறார்கள். தைத்த சட்டையைப் பிரித்து அளவெடுக்கிற மாதிரி வேலை. ஒவ்வொரு பட்டனாக அமுக்கி, என்ன சேதி போகிறது, என்ன திரும்பி வருகிறது என்று குறித்து, சார்ட் பேப்பரில் கட்டமும் அம்புமாக வரைந்திருந்தாள். திரை முன்னால் உட்கார்ந்த ஆட்களிடமும் விசாரித்தாளாம். என்னையும் ஆபீஸுக்குக் கூட்டிப்போனாள்.

“காத்தாடி ஓடும்போதே பூஜ்யம் காட்டிப் பாத்திருக்கியளா பாட்டா?”

“எனக்குத்தான் படிக்கத் தெரியாதே பிள்ளே. மேனேஜர்ட்ட கேளு.”

அவள் சிரிக்கவில்லை. பதினொன்றாம் காற்றாடியிலிருந்து சேதி கொண்டுவருகிற வயரைப் பிடுங்கினாள். திரையில் அறுநூற்றுத் தொண்ணூறு வோல்ட் இருந்தது. கொஞ்ச நேரத்தில் பூஜ்யம். பச்சை. ஜன்னலுக்கு வெளியே பதினொன்று பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

“சேதி வரலேன்னா என்ன காட்டணும்னு இதைச் செஞ்சவன் எழுதல. இது அதைப் பூஜ்யம்னு எடுத்துக்கிடுது. அன்னைக்குப் பதிவும் பாத்தேன். அரைமணி நேரம் பதினொண்ணுலேருந்து ஒண்ணும் வரல. நீங்க திரையில உள்ளதத்தான் சொல்லியிருக்கிய.”

நாற்காலியை இழுத்துத் திரைக்கு நேரே போட்டு உட்கார்ந்தேன்.

சிவதாணு எட்டிப் பார்த்தார். “ஓய் ரசலையன், எல்லாம் செரியாக்கச் சொல்லியாச்சு. இனி சேதி வரலேன்னா செவப்புக் கோடு காட்டும். நாளைக்கே வந்து கேட்டுல நில்லும்.”

“நான் படிச்சது செரின்னு எழுதித் தாரும். பிளஸ்ஸிட்ட காட்டணும்.”

“அது மெயின்டனன்ஸ் பேப்பர் வேய். செத்ததுக்கும் அதுக்கும் சம்பந்தம் கிடையாது. வெளிய போவாது.”

வேலையும் வேண்டாம் என்று வந்துவிட்டேன். பஸ் ஸ்டாப்புக்கு சபிதா ஓடி வந்தாள், கையில் அந்தப் படத்தைச் சுருட்டிக்கொண்டு.

“வாங்க, அந்த அக்காட்ட நான் சொல்லுகேன்.”

“உனக்க வேலை போயிரும்.”

“போனாப் போட்டும்.”

பிளஸ்ஸி வீட்டு வாசலிலேயே சபிதா படத்தை விரித்து, விரலை வைத்துக் கட்டம் கட்டமாகச் சொன்னாள். பிளஸ்ஸி கடைசிவரைக்கும் கேட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“கம்ப்யூட்டர் பொய் சொல்லிச்சு, செரி. எனக்க மாப்பிள்ளை அதுகிட்டயா கேட்டாரு? உங்ககிட்டல்லா கேட்டாரு.”

கதவைச் சாத்தவில்லை. உள்ளே போய்விட்டாள்.

நான் படியிறங்கி நடந்தேன். “பாட்டா, உங்க மேல தப்பில்ல, ஆதாரம் இருக்குல்லா” என்று சபிதா பின்னாலிருந்து கூப்பிட்டாள். ஆதாரமாம். நான் திரும்பிப் பார்க்கவில்லை.