கீழே பார்க்காதவர்

என் கணவர் அப்துல் கஃபாருக்கு மேற்குத் தாம்பரத்தில் ஒரு சின்ன ஹாலில் நினைவுக் கூட்டம் வைத்தார்கள். ஏற்பாடெல்லாம் சம்பத். கணவனை இழந்தவள் சில மாதம் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தா எனக்கு முடியட்டும் என்று காத்திருந்து தேதி குறித்தார். என் கணவர் படத்துக்கு மாலையும் போடவில்லை. எங்கள் 'கஃபார் ஆர்ட்ஸ்' விளம்பரக் கடைக்குத் தொடக்கத்திலிருந்தே ஆர்டர் பிடித்துக் கொடுத்தவர் அவர். எங்கள் வீட்டு வழக்கங்களை அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

மேடைக்குப் பின்னால் பெரிய ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். அதில் என் கணவர் எலுமிச்சம்பழ நிறத்தில் சிரித்துக்கொண்டிருந்தார். நேரில் அவர் நல்ல கறுப்பு. ஆனாலும் கோபித்துக்கொண்டிருக்க மாட்டார். காதுகுத்துக் குழந்தையிலிருந்து கவுன்சிலர் வரை, தன் பேனருக்கு வந்தவர்களை எல்லாம் கேட்காமலே சிவப்பாக்கி அனுப்பியவர் அவர்தானே.

எனக்கு அன்று கவலை படத்தைப் பற்றியில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகள் கைனாத்தைப் பற்றி. மல்டிமீடியா படித்தவள். நாவலூரில் ஒரு கம்பெனியில் டிசைனர் வேலைக்கு, அவள் அத்தா உயிரோடு இருக்கும்போதே இன்டர்வியூ முடிந்து தேர்வாகியிருந்தாள். நடந்ததைக் கேட்டு அவர்களும் இடத்தை வைத்திருந்தார்கள். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று இப்போது போன் வந்துவிட்டது. இவளோ அத்தா மௌத்தானதிலிருந்து கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. கெஞ்சிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன், ஒருநாள் சாப்பிடாமலும் இருந்து பார்த்தேன். வேண்டாம்மா என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. பிள்ளையின் வாழ்க்கை வீட்டுக்குள்ளேயே முடங்கிவிடுமோ என்று பயந்தேன்.

சம்பத் மைக்கைப் பிடித்தார். பொழிச்சலூரில் நெய் விளம்பரம், பம்மலில் துணிக்கடைச் சுவர், திருநீர்மலை போகிற வழியில் பல்பொடி என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். மூங்கில் சாரத்தில் ஏறிவிட்டால் பாய் வேறு உலகத்துக்குப் போய்விடுவாராம். டீ வந்திருக்கிறது என்று கீழேயிருந்து கத்தினாலும் திரும்ப மாட்டாராம். தலைக்கு மேல் விமானம் போனாலும் அண்ணாந்து பார்க்க மாட்டாராம். அது வேலை இல்லை, தவம் என்றார். சபையில் எல்லோரும் தலையாட்டினார்கள். நான் முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டேன். எனக்குச் சிரிப்பு வந்தது.

அடுத்து அவர் சொன்னதில் சிரிப்பு போய்விட்டது.

"கம்ப்யூட்டர் வந்துச்சு. பாய் கையிலேர்ந்து பிரஷ்ஷைப் புடுங்கிச்சு. அன்னைக்கே மனுசன் பாதி செத்துட்டாரு."

நாலைந்து பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கைனாத் குனிந்துவிட்டாள். தோள் குலுங்கியது. காதருகே குனிந்து என்னவென்று கேட்டேன்.

"நான்தானேம்மா வாங்கச் சொன்னேன்," என்றாள். "நான்தானே அடம்புடிச்சேன்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பிளஸ் டூ படிக்கும்போது, கடைக்கும் ஆகும் எனக்கும் ஆகும் என்று அவள்தான் அத்தாவை நச்சரித்துக் கம்ப்யூட்டர் வாங்க வைத்தாள். துக்கத்துக்கு வந்தவர்களும் சம்பத் சொன்னதைத்தான் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். இந்தப் பெண் தன் அத்தாவைத் தானே கொன்றதாக இத்தனை மாதம் மனசுக்குள் வைத்துப் புழுங்கியிருக்கிறாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. செத்தவரைப் பெரிய ஆளாக்க என் பிள்ளைதானா கிடைத்தாள்?

எழுந்து மேடைக்குப் போனேன். நான் மைக் பிடித்ததே இல்லை. போகும்போதே மனசுக்குள் என் கணவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். யாரிடமும் சொல்லாதே என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் உயிரோடு இருந்தவரை நான் சொன்னதும் இல்லை.

"எங்க வீட்டுக்காரருக்கு உயரம்னா பயம்," என்றேன்.

நான் நிறுத்தவில்லை. அவர் திரும்பிப் பார்க்காதது தவத்தால் இல்லை, கீழே பார்த்தால் தலை சுற்றும் என்பதால். விமானத்தை அண்ணாந்து பார்க்காததும் அதனால்தான். பொழிச்சலூரில் விமானம் தாழப் பறந்து போகும்போதெல்லாம் ஒரு கையால் மூங்கிலைக் கட்டிக்கொண்டு கலிமா சொல்வார். சாரம் ஏறுகிற நாளில் காலையில் ஒரு இட்லி இறங்காது. வீட்டுக்கு வந்தால் தொடை இரண்டும் நடுங்கிக்கொண்டிருக்கும், நான் தைலம் தேய்த்துவிடுவேன். விளம்பரம் எழுதுகிறவனுக்கு உயரம் பயம் என்று தெரிந்தால் எவன் வேலை கொடுப்பான் என்பார். அவர் வீடு திரும்பும்வரை எனக்கும் ஒரு வேலை ஓடாது. எல்லாவற்றையும் சொன்னேன்.

கம்ப்யூட்டர் கதையையும் சொன்னேன். கைனாத் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க, முதல் பேனரை நாற்காலியில் உட்கார்ந்தபடியே முடித்தார். அதை எடுத்துப்போய்க் கட்டுவதற்கு வேறு ஆட்கள். நேராகச் சமையல்கட்டுக்கு வந்தார். வந்து, "ஜஹீரா, இனிமே நான் ஏற வேணாம்," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அன்று பிரியாணியை இரண்டாம் முறை போட்டுச் சாப்பிட்டுவிட்டு சாயங்காலம் அஸர் பாங்கு வரை தூங்கினார். அதற்குப் பிறகுதான் அவருக்குத் தொப்பையே விழுந்தது.

"அவரு கடைசி ஆறேழு வருஷம் பயமில்லாம வாழ்ந்தாரு," என்றேன். "அதைக் குடுத்தது எங்க பொண்ணு. போனது மாரடைப்புல. இனிமே யாரும் வேற கதை சொல்லாதீங்க."

சம்பத் மேடையில் நின்றபடியே முகத்தைத் துண்டால் துடைத்தார். மைக்கை மறந்து என்னிடம் பேசினார். "நான்தான் அக்கா அவரு சாரத்துல ஏற ஏணியப் புடிச்சிக்கினு நிப்பேன். ஒவ்வொரு வாட்டியும் 'சம்பத்து, கெட்டியாப் புடிடா'ன்னுவாரு. சும்மா சொல்றாருன்னு பீடி புடிச்சிக்கினு இருந்துட்டேன்."

பின்வரிசையில் யாரோ குபுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் ஹாலே சிரித்தது. ஒரு நினைவுக் கூட்டத்தில் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ஆளாளுக்கு எழுந்து, பாய் எங்கெங்கே மூங்கிலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். சம்பத் பேச்சில் ஒரு மகான் இருந்தார். இப்போது அந்த ஹாலுக்குள் வந்திருந்தது என் புருஷன். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தது போல எனக்கு மூச்சு லேசாக வந்தது. கைனாத்தைப் பார்த்தேன். அழுதுகொண்டேதான் இருந்தாள், ஆனால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

கைனாத்தும் நானும் ஆட்டோவில் திரும்பும்போது ரயில்வே கேட்டில் நிற்க வேண்டியதாயிற்று. கேட் மூடியிருந்தது. ஆட்டோக்காரர் இன்ஜினை அணைத்தார்.

"அந்த ஆபீஸ் ஒன்பதாவது மாடிம்மா," என்றாள். "கண்ணாடிச் சுவரு. நான் வேலை பாக்கறதப் பாக்க அத்தா வந்தே இருக்க மாட்டாரு."

எத்தனை மாதம் கழித்து அவள் வாயில் அந்த வேலையைப் பற்றி ஒரு பேச்சு. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வந்திருப்பாரு," என்றேன். "நமக்காக அத்தனை வருஷம் ஏறுனவரு, உன்னைப் பாக்க ஏற மாட்டாரா? கண்ணாடிப் பக்கம் மட்டும் போயிருக்க மாட்டாரு."