இரண்டு விரற்கடை இறங்கிய கார்

அனுசியா வாங்கிய காருக்குக் கதவு இரண்டுதான். சத்திரப்பட்டியில் தறி போட்டுப் பேண்டேஜ் துணி நெய்து ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிறவள் அவள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சம்பாதித்ததெல்லாம் நூலுக்கும் தறிக்கும் ராஜபாளையத்தில் கட்டிய வீட்டுக்கும் போயிற்று. தனக்கென்று ஆசைப்பட்டு அவள் எதையும் வாங்கியதில்லை. நாற்பத்து மூன்று வயதில் ஒரு வேலையாகக் கோயம்புத்தூர் போனவள், ஒரு டாக்டர் வீட்டு வாசலில் விற்பனைக்கு நின்ற மஞ்சள் நிற ஸ்போர்ட்ஸ் காரைப் பார்த்துவிட்டாள். வந்த வேலை மறந்துபோனது. அடுத்த வாரமே போய்ப் பணத்தைக் கட்டி ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

அவள் புருஷன் சோணைமுத்து, ராணுவத்தில் லாரி ஓட்டி ஹவில்தாராக ஓய்வு பெற்றவன். காரைச் சுற்றி ஒரு நடை நடந்து வந்து நின்றான்.

"மிச்ச ரெண்டு கதவையும் டாக்டர் வீட்டுலயே வச்சுக்கிட்டாரா?"

"இது இப்பிடித்தான் வரும்ங்க."

"பின்னாடி உக்காருறவன் எப்பிடி ஏறுவான்?"

"பின்னாடி சீட்டே கிடையாது."

அதற்குப் பிறகு அவன் அதைக் கார் என்று சொல்லவில்லை. பொம்மை என்றுதான் சொன்னான். "ஓட்டிப் பாருங்களேன்" என்று அவள் சாவியை நீட்டினால், "லடாக் மலையில பத்து டன் சரக்கு ஏத்துன கை இது. பொம்மையத் தொடாது" என்று கையைப் பின்னால் கட்டிக்கொள்வான்.

அனுசியாவுக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. மேடுபள்ளத்துக்குப் பயந்து அந்த டாக்டர், உயரமான ஸ்பிரிங் போட்டுக் காரைத் தூக்கி வைத்திருந்தார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடையைக் கடக்கிறவள் மாதிரி நின்றது கார். நிற்கும்போது தெரிந்த அழகுக்கேடு போகட்டும், ஓடும்போதுதான் உண்மையான தொல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற வழியில் கண்மாய்க் கரையை ஒட்டி நீளமான வளைவு ஒன்று உண்டு. அதில் திரும்பும்போதெல்லாம் கார் ஒரு பக்கமாகச் சாயும். அவள் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார்வளாகம் தாண்டிப் பட்டறை வைத்திருந்த சாதிக் பாட்சாவிடம் கொண்டுபோய்க் காட்டினாள். மதுரையில் பெரிய கம்பெனி ஒன்றில் வேலை பார்த்துவிட்டுச் சொந்த ஊருக்கே திரும்பி வந்தவர். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே கையை விட்டார். முழங்கை வரைக்கும் உள்ளே போயிற்று.

"இதுல முயல் குட்டி போட்டு வளக்கலாம் போலயே அக்கா," என்றார். "குட்டை ஸ்பிரிங் மாத்தணும். ரெண்டு விரற்கடை இறங்கும். வெளிநாட்டுச் சாமான், சென்னையில இருந்து வரணும். நாலு ஸ்பிரிங் நாப்பத்தாறாயிரம்."

"சரி தம்பி, போட்ருங்க."

"செத்த பொறுங்க. ஸ்பிரிங் வாங்குற காசு மாப்பிள்ளைக்கு மோதிரம் வாங்குன மாதிரி. கல்யாணச் செலவு தனியா இருக்கு. ஸ்பிரிங்குக்கு மேல இருக்க ரப்பர் மவுண்ட் மாத்தணும், அடி தாங்குற பம்ப் ஸ்டாப் மாத்தணும், சக்கரத்துக்கு அலைன்மெண்ட் பாக்கணும், என் கூலி இருக்கு. எல்லாம் சேந்தா இன்னொரு முப்பதாயிரம் ஆயிரும். பொறவு, நம்ம ஊரு ஸ்பீடு பிரேக்கரு இருக்கு பாருங்க, அதுக்கு நான் பொறுப்பு இல்ல."

அனுசியா யோசித்தாள். இறங்கிய பிறகு காரின் அடிவயிறு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்று கேட்டு, அந்த உயரத்துக்கு ஒரு மரக்கட்டையை அறுத்து வாங்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தறிக்கூடத்து மேற்பார்வை பார்க்கும் பியூலாவை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டாள். வேகத்தடை வந்த இடத்திலெல்லாம் வண்டியை நிறுத்தினார்கள். முன்சக்கரமும் பின்சக்கரமும் நிற்கும் தூரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு நூல்முனையைப் பியூலா பிடிக்க, அந்தப் பக்கம் அனுசியா பிடித்து, கட்டையின் உயரத்துக்கு நூலை இழுத்து, மேட்டின் உச்சி அதில் முட்டுகிறதா என்று பார்த்தார்கள். ஒரு டீக்கடையிலிருந்து பெரியவர் ஒருவர் எழுந்து வந்தார்.

"ஏம்மா, ரோடு போடப் போறாவளா?"

"இல்லைங்கய்யா, அளந்து பாக்கோம்," என்றாள் பியூலா.

"அளந்தாத்தான போடுவாவ. எங்க தெருவையும் ஒரு எட்டு அளந்துட்டுப் போங்கம்மா. சாக்கடை ரோட்டுல ஓடுது."

சொன்னதோடு நிற்காமல் முன்னால் நடந்து வழிகாட்டினார். மறுக்க மனம் வராமல் அந்தத் தெருவையும் அளந்துவிட்டு வந்தார்கள். ஒரு பள்ளிக்கூடத்து வாசல் வேகத்தடையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஒவ்வொரு சக்கரமாகக் குறுக்காக ஏறினால் தாண்டிவிடலாம் என்று தெரிந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பின்தெரு வழியே போய்விடலாம். அனுசியா அன்றைக்கே சாதிக் பாட்சாவுக்குப் போன் போட்டு, "வரவழைங்க தம்பி," என்றாள்.

ஸ்பிரிங் வந்து சேர்ந்த அன்று சோணைமுத்துவும் கூட வந்தான். வேடிக்கை பார்க்கத்தான் வருவதாகச் சொன்னான். பட்டறையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து கால்மேல் கால் போட்டுக்கொண்டான். முன்சக்கரத்தைக் கழற்றிய சாதிக், உள்ளே இருந்த பெரிய போல்ட்டில் ஸ்பேனரை மாட்டித் தொங்காத குறையாக இழுத்துப் பார்த்தார். துருப்பிடித்த போல்ட் அசையவில்லை. எண்ணெய் விட்டு ஊறவைத்தார், சுத்தியலால் தட்டினார், நெருப்பில் காய்ச்சினார். அது இருந்த இடத்திலேயே இருந்தது.

ஸ்டூலில் இருந்தவனுக்குக் கை ஊறத் தொடங்கிவிட்டது. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வந்தான்.

"குழாய் இருக்கா? ஆளு உயரத்துக்கு?"

இரும்புக் குழாய் ஒன்றை ஸ்பேனர் பிடியில் செருகி, சாதிக் ஒரு பக்கம் தள்ள, இவன் ஒரு பக்கம் இழுக்க, துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். "போச்சு, ஒடைஞ்சிருச்சு," என்று அனுசியா நெஞ்சில் கை வைத்தாள். உடையவில்லை, இளகியிருந்தது.

பழைய ஸ்பிரிங்கை வெளியே எடுப்பது இன்னும் ஆபத்தான வேலை. அமுக்கி வைத்த பாம்பு மாதிரி அது உள்ளே இறுகிக் கிடந்தது. இரண்டு பக்கமும் கொக்கி போட்ட கருவியால் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிச் சுருக்கித்தான் எடுக்க வேண்டும். கொக்கி நழுவினால் கூரையைப் பிய்த்துக்கொண்டு போய்விடும் என்று சாதிக் எல்லாரையும் தள்ளி நிற்கச் சொன்னார். சோணைமுத்து மட்டும் தள்ளி நிற்கவில்லை. கொக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல், "இன்னும் அரைச் சுத்து... போதும்... அந்தப் பக்கம்," என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

வந்திருந்த ரப்பர் மவுண்டில் ஒன்று வேறு மாடலாக இருந்தது. மதுரையிலிருந்து பஸ்ஸில் போட்டுவிடச் சொல்லி, அதை வாங்க சோணைமுத்துவே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க் காத்திருந்தான். திரும்பி வரும்போது எல்லாருக்கும் புரோட்டா கட்டிக்கொண்டு வந்தான். நாலு சக்கரமும் மாட்டி, காரைக் கீழே இறக்கி, அலைன்மெண்ட்டும் பார்த்து முடித்தபோது வெயில் தணிந்துவிட்டது.

அனுசியா பத்தடி தள்ளி நின்று பார்த்தாள். செருகியிருந்த சேலையை இறக்கிவிட்டு, கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு நின்றது கார்.

"எப்பிடி இருக்கு அக்கா?"

அனுசியா டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்துச் சிரித்தாள்.

அளந்து வைத்தபடி வேகத்தடைகளைக் குறுக்காக ஏறி இறங்கி வந்தாள். ஒன்றுகூட உரசவில்லை. கண்மாய் வளைவில் கார் சாயவே இல்லை. தண்டவாளத்தில் போகிற மாதிரி திரும்பியது. பக்கத்தில் இருந்தவன் கைப்பிடியைப் பிடித்திருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

வீட்டு வாசலுக்கு வந்தாயிற்று. கேட்டைத் திறந்தாயிற்று. அனுசியா வழக்கம்போலச் சரிவில் ஏற்றினாள். முன்சக்கரம் போர்டிகோவில் ஏறியது. அப்போது கரகரவென்று கீழே ஒரு சத்தம். இரும்புச் சட்டியைத் தரையில் போட்டு இழுத்தால் வருகிற சத்தம்.

"ஆகண்டி, ஆகண்டி!" என்று எதிர்வீட்டு ராம்குமார் ராஜா இரண்டு கையையும் ஆட்டித் தெலுங்கில் நிறுத்தச் சொல்லிக்கொண்டே ஓடி வந்தார். குனிந்து பார்த்தார். "முன்னாடியும் போவாதீங்க, பின்னாடியும் போவாதீங்க. வயிறு உக்காந்திருச்சு."

ஊரிலுள்ள வேகத்தடையையெல்லாம் அளந்தவள், சொந்த வீட்டு வாசலை அளக்க மறந்துபோனாள்.

அந்தச் சரிவுக்கு ஒரு வரலாறு உண்டு. ஒவ்வொரு தடவை ரோடு போடும்போதும் தெரு உயர்ந்துகொண்டே போய், அக்கம்பக்கத்து வீடுகளெல்லாம் பள்ளத்தில் கிடந்தன. அதைப் பார்த்த சோணைமுத்து, தன் வீட்டைத் தெருவைவிட நாலடி உயர்த்திக் கட்டினான். ஏறுவதற்குச் செங்குத்தாக ஒரு சரிவு. கொத்தனாரை நம்பாமல் தானே கலவை போட்டு, தானே கோடு கீறி, தானே நீர் தெளித்து ஆற்றியது. பெருமழையில் தெரு முழுக்க வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தபோது இவர்கள் வீட்டில் மட்டும் புகவில்லை. அதை அவன் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவான்.

ஜாக்கி வைத்துத் தூக்கி, பலகை கொடுத்து, தெருவே கூடி ஆளுக்கொரு யோசனை சொல்லிக் காரைப் பின்னால் இறக்கினார்கள். அடியில் நீளமாக ஒரு கீறல்; வேறு சேதமில்லை. அன்றிலிருந்து கார் தெருவில் நின்றது. தெருவில் நிற்கும் வண்டிகளுக்கு அடியில் படுக்கும் தெருநாய் இதற்கும் வந்து, தலையை மட்டும் நுழைத்துப் பார்த்துவிட்டு, கோபித்துக்கொண்டு வேறு வண்டிக்குப் போய்விட்டது.

சோணைமுத்து இரண்டு நாளாக வாசலையே சுற்றி வந்தான். சரிவின் உச்சியில் நின்று கீழே பார்ப்பான், கேட்டைப் பார்ப்பான், உள்ளே போய்விடுவான். சரிவைக் கேட்டுக்கு வெளியே நீட்டினால் சாக்கடையை மறிக்கும். உள்ளே இழுத்தால் போர்டிகோவில் பாதியை உடைக்க வேண்டும். அவன் பதித்த கிரானைட் கல்லெல்லாம் போகும். அனுசியாவுக்கு அவனிடம் கேட்க வாய் வரவில்லை. அவன் கையால் கட்டியதை என் ஆசைக்கு எப்படி உடைக்கச் சொல்வது என்று நினைத்தாள். சாதிக் பாட்சாவுக்குப் போன் போட்டாள்.

"பழைய ஸ்பிரிங்கையே திரும்ப மாட்டிரலாம் தம்பி."

"கூலி வேண்டாம்க்கா, வாங்க," என்றார். அவர் குரலும் இறங்கித்தான் இருந்தது.

மறுநாள் அவள் புறப்படும்போது, கூப்பிடாமலே சோணைமுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். கண்மாய் வளைவு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அனுசியா காரை ஓரம் கட்டி இறங்கினாள். அவன் பக்கம் வந்து கதவைத் திறந்தாள்.

"இந்த ஒரு தடவை ஓட்டுங்க. இனிமே இது இப்பிடி இருக்காது. மாத்துறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை ஓட்டிப் பாத்தீகன்னா எனக்கு மனசு ஆறிரும்."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது. மறுபேச்சுப் பேசாமல் இறங்கிப்போய் ஸ்டியரிங் பக்கம் உட்கார்ந்தான். சீட்டைப் பின்னால் தள்ளினான். கண்ணாடியைத் திருப்பினான். வளைவில் முதலில் மாட்டுவண்டி வேகத்தில்தான் போனான். முடிவில் போய்த் திருப்பினான். இரண்டாவது தடவை கொஞ்சம் வேகம். மூன்றாவது தடவை அனுசியா கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, மெல்ல!"

"சும்மா இரிட்டி. வண்டி எம்புட்டு அழகா திரும்புது பாரு!"

தன் வாயில் பொம்மை போய் வண்டி வந்துவிட்டதை அவன் கவனிக்கவில்லை. அவள் கவனித்தாள். ஆறாவது தடவையோ ஏழாவது தடவையோ, அவளுக்குக் கணக்கு விட்டுப்போனது. அவன் காரை ஓரமாக நிறுத்தி, பெரிதாக மூச்சு விட்டான்.

"அந்தத் தம்பிக்குப் போனைப் போடு. வரலைன்னு சொல்லு."

"அப்ப வாசல்?"

"வாசல் என்ன, வானத்துல இருந்தா இறங்கி வந்துச்சு? நான் கட்டுனதுதான. நானே இடிச்சுக்கிடுதேன்."

"அந்தக் கல்லெல்லாம்..."

"ஏட்டி, கல்லு கடையில கிடைக்கும். நீ உனக்குன்னு ஒண்ணு கேட்டு நான் எப்பப் பாத்திருக்கேன்?"

அனுசியா போனைக் கையில் எடுத்தாள். நம்பர் கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போட்டாள். செய்தியைக் கேட்ட சாதிக் பாட்சா பட்டறைக்குள்ளேயே விசிலடித்தது இருவருக்கும் கேட்டது.

இடிக்கும் வேலை சொன்னது போல லேசாக இல்லை. சோணைமுத்து அன்றைக்குப் போட்ட கலவை, அவனையே எதிர்த்து நின்றது. சுத்தியல் எகிறியது, கடப்பாரை வளைந்தது. "எவன்டா இதக் கட்டுனவன்?" என்று வியர்வையை வழித்துக்கொண்டே கேட்டான். ராம்குமார் ராஜா எதிர்த் திண்டில் உட்கார்ந்தபடியே, "ஒரு மிலிட்டரிக்காரருங்க. யார் பேச்சும் கேக்க மாட்டாரு," என்றார். கடைசியில் வாடகைக்கு மெஷின் எடுத்துத்தான் உடைக்க முடிந்தது. வாசலுக்கு உள்ளே இருந்த தண்ணீர் மோட்டாரை இடம் மாற்றி, போர்டிகோவைப் பாதிக்கு இறக்கி, கேட்டுக்குள்ளேயே நீளமான, உச்சி மழுங்கிய சரிவு ஒன்றைப் போட்டார்கள். மேலே இன்னொரு படி கட்டியதால் மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வர வழியில்லை. செலவைக் கூட்டிப் பார்த்தால் ஸ்பிரிங் செலவைப் போல இரண்டு மடங்கு வந்தது.

கலவை ஆறியதும் அனுசியா காரை ஏற்றினாள். சோணைமுத்து தரையோடு தரையாகப் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். "வா... வா... இன்னும் வா..." கார் சத்தமில்லாமல் மேலேறிப் போய் நின்றது. படுத்த இடத்திலிருந்தே அவன் கைதட்டினான். தெருவும் சேர்ந்து தட்டியது.

இப்போதெல்லாம் அனுசியாவுக்கு வேறொரு குறை. காலையில் தறிக்கூடத்துக்குப் புறப்பட்டு வெளியே வந்தால் போர்டிகோ காலியாகக் கிடக்கிறது. ஒரு நாள் போனைப் போட்டாள்.

"எங்க இருக்கீக?"

"கிருஷ்ணன்கோவில்ல. டீ குடிக்க வந்தேன்." பின்னால் பஸ் ஹாரனும் பையன்கள் சிரிப்பும் கேட்டன. "காலேஜ் பிள்ளைக எல்லாம் போட்டோ எடுக்குதுக. ஸ்பிரிங்கைப் பத்திக் கேக்குதுக. சொல்லிக்கிட்டு இருக்கேன்."

"டீ நம்ம தெருவிலேயே கிடைக்குமே?"

"கிடைக்கும். ஆனா நம்ம தெருவுக்கு வளைவு இல்லையே!"

அனுசியா சிரித்துக்கொண்டே ஸ்கூட்டரை எடுத்தாள்.