பெரிய பூச்சி

என்னைக் கடித்தது பாம்பு. நல்ல பாம்பு. படம் எடுத்து, என் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, அப்புறம்தான் போட்டது. எடுத்த எடுப்பிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அன்றைக்கு இந்த ஒரு சொல்லைச் சொல்ல எங்கள் வீட்டு ஆம்பிளைகள் ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

பிரெஞ்சுக்காரன் கொடி இறங்குவதற்கு முந்தின வருஷம். விழிதியூரில் தை அறுப்பு முடிந்து, புது வைக்கோல் போர் போட்டிருந்தோம். மத்தியானச் சாப்பாடு ஆனதும் மாட்டுக்கு வைக்கோல் அள்ளப் போனேன். ஓரத்தில் சரிந்து கிடந்ததை இழுத்தேன், உள்ளேயிருந்து எழுந்து நின்றது. கையை எடுப்பதற்குள் இடது மணிக்கட்டுக்கு மேல் பட்டுவிட்டது. பாம்பு, பாம்பு என்று கத்திக்கொண்டே வாசலுக்கு ஓடி வந்தேன்.

என் ஓரகத்தி நீலாயதாட்சிதான் முதலில் வந்தாள். கையைப் பார்ப்பாள் என்று நீட்டினேன். அவள் என் வாயைப் பொத்தினாள்.

"பேரு சொல்லாதடி. பூச்சி. பூச்சிதான் தொட்டுருக்கு. ஒண்ணும் ஆவாது."

எங்கள் பக்கத்தில் இது வழக்கம். பொழுது சாய்ந்தால் அதன் பேரைச் சொல்ல மாட்டோம், பூச்சி என்போம். யாரையாவது கடித்துவிட்டால் பட்டப் பகலிலும் சொல்ல மாட்டோம். பேர் சொன்னால் விஷம் தலைக்கு ஏறும், கடிபட்டவர் பயத்திலேயே போய்விடுவார் என்பார்கள். பயப்படாமல் இருக்க என்னிடம் மறைக்கிறார்களாம். கண்ணுக்கு நேரே பார்த்தவள் நான். என்னிடமே மறைத்தால் எப்படி இருக்கும், சொல்லுங்கள்.

நீலாயதாட்சி மஞ்சளையும் ஏதோ பச்சிலையையும் அரைத்துக் கொண்டுவந்து கடிவாயில் அப்பினாள். பல் பட்ட இடம் இரண்டும் அதற்குள் மறைந்து போயின. அவள் புருஷன் சுப்பையன், எனக்கு மூத்தார், என் வீட்டுக்காரரின் அண்ணன், வீட்டுக்குப் பெரியவர். குரும்பகரத்தில் மந்திரிக்கிறவரை அழைத்துவர ஆள் அனுப்பினார். அந்த மனிதர் திருநள்ளாற்றுக்குப் போயிருந்தார். சனீஸ்வரன் எனக்குச் செய்த ஒரே நல்லது அதுதான். வேறு வழியில்லாமல் வண்டியைப் பூட்டச் சொன்னார் மூத்தார்.

என் வீட்டுக்காரர் சோமசேகரன் வண்டி ஓட்டினார். மூத்தார் முன்னால் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் பின்னால் வைக்கோல் மேல், மடியில் வீங்கின கையோடு. கை தீயாக எரிந்தது. அதை விடுங்கள். பாதி வழி போகுமுன் கண் இமை இரண்டும் கனக்க ஆரம்பித்தன. நாக்கும் தடித்தது. பேச்சு போகப் போகிறது என்று தெரிந்துவிட்டது. அப்போதே என் வீட்டுக்காரரின் முதுகைத் தட்டிச் சொன்னேன்.

"டாக்டர்ட்ட பாம்புன்னே சொல்லிடுங்க. பூச்சி கீச்சின்னு சொல்லிப்புடாதீங்க."

அவர் திரும்பவில்லை. மாட்டின் வாலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அண்ணன் பேசிக்கும்."

அண்ணன் பேசிக்கும். கல்யாணம் ஆன நாள் முதல் இதே பாட்டுத்தான். நடவு எப்போது என்றால் அண்ணன் சொல்லும். நான் அம்மா வீட்டுக்குப் போகலாமா என்றால் அண்ணனைக் கேட்கணும். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். உசிர் போகிற விஷயத்துக்கும் அண்ணனா? திட்ட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். எச்சில்தான் வழிந்தது.

காரைக்கால் கடைத்தெருவுக்கு அந்தண்டை தனிஸ்லாஸ் டாக்டரின் வைத்தியசாலை. சைகோன் டாக்டர் என்றால்தான் தெரியும். அப்பா ஊர் இதுவானாலும் அவர் பிறந்தது, படித்தது எல்லாம் சைகோனில். முகம் நம் முகம். தமிழ் பேசுவார், ஆனால் புத்தகத்தில் கற்ற தமிழ். ஊர்ப் பேச்சு விளங்காத இடத்தில் கம்பவுண்டர் மதார் சாகிப்தான் எடுத்துச் சொல்வார். அன்றைக்கு அவர் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் போயிருந்தார்.

என்னைக் கட்டிலில் கிடத்தினார்கள். இமையைத் திறக்க முடியவில்லை. கழுத்து நிற்கவில்லை. காது மட்டும் தெளிவாகக் கேட்டது. அது கேட்காமல் இருந்திருந்தால் இவ்வளவு ஆத்திரம் இருக்காது.

"இவளை என்ன கடித்தது?" என்று டாக்டர் கேட்டார்.

"பூச்சிங்க," என்றார் மூத்தார்.

எந்தப் பூச்சி, தேளா, குளவியா, பூரானா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார் டாக்டர். நல்ல மனிதர், பொறுமையாகத்தான் கேட்டார். எல்லாவற்றுக்கும் மூத்தார் பூச்சிங்க, பூச்சிதாங்க என்றே சொன்னார். கடைசியில் டாக்டர் சலித்துப் போய் எவ்வளவு பெரியது என்றார். மூத்தார் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பெரிய பூச்சிங்க. அதுக்கு மேல சொல்லப்புடாதுங்க."

பாம்பைக் கண்டால் படையும் நடுங்கும் என்பார்கள். நடுங்கட்டும். எங்கள் மூத்தார் பேருக்கே நடுங்கினார். நம்மூர் டாக்டராக இருந்தால் அந்தப் பெரிய பூச்சியில் புரிந்துகொண்டிருப்பார். இவர் சைகோனில் வளர்ந்தவர், அவருக்குப் பூச்சி என்றால் பூச்சி. கையில் அப்பியிருந்த மஞ்சளின் ஓரத்தில் மருந்தைத் தடவினார். கண் ஏன் இப்படிச் சொருகுகிறது, வலிப்பு உண்டா என்று கேட்டார். இல்லை என்றதும், கள் குடிப்பாளா என்றார். என்னைப் பார்த்து. சாராய வாடை பட்டாலே குமட்டுகிறவள் நான். அதற்கும் மூத்தார் இல்லை என்று சொல்லாமல், பொம்பளை சமாசாரம் நமக்கு எங்கே தெரியும் என்று இழுத்தார்.

என் வீட்டுக்காரர் காலடியில்தான் நின்றார். அவர் மூச்சுவிடுவது கேட்டது. நான் கத்தினபோது போருக்கு ஓடிப் போய், அது வேலிக்குள் நுழைவதைத் தன் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவர் அவர். ஒரு சொல் போதும். வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தார்? குத்துக்கல் மாதிரி நின்றார்.

மாத்திரை கொடுக்கிறேன், வீட்டில் போய்த் தூங்கட்டும் என்றார் டாக்டர். வீட்டுக்குப் போனால் தூங்குவேன், எழுந்திருக்க மாட்டேன். அது எனக்குத் தெரிந்தது. மார்பு மேல் நெல் மூட்டையை வைத்ததுபோல் மூச்சு முட்டியது. ஊமை கண்ட கனவு மாதிரி, சொல் உள்ளே நிற்கிறது, வெளியே வரவில்லை.

எழுப்பி உட்கார வைக்க மூத்தார் குனிந்தார். அப்போதுதான் என் வலது கை இன்னும் என் பேச்சைக் கேட்கிறது என்று கண்டுகொண்டேன். முழங்கையைக் கட்டிலில் ஊன்றி, கையைச் செங்குத்தாக நிறுத்தி, உள்ளங்கையைக் குவித்து விரலை முன்னால் வளைத்தேன். படம். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும் அது என்னவென்று. டாக்டர் நடப்பதை நிறுத்தியது காதில் விழுந்தது. மூத்தார் என் கையைப் பிடித்து மடக்கப் பார்த்தார். சும்மா இரும்மா, சும்மா இரு என்றார். எனக்கு இருந்த வெறியில் அவர் கையிலேயே நான்கு நகமும் பதிய ஒரு போடு போட்டேன். மூத்தார் முன்னால் நிமிர்ந்துகூட நின்றதில்லை நான். போட்டேன். மறுபடியும் கையை நிறுத்தினேன். மறுபடியும் போட்டேன்.

"செர்ப்பான்?" என்றார் டாக்டர். பிரெஞ்சுச் சொல். எனக்குத் தெரியாத பாஷைதான், ஆனால் அதன் முதல் எழுத்திலேயே சீறல் இருந்தது. உடனே தமிழில் கேட்டார். "பாம்பா?"

மூத்தார் சிவசிவா என்று காதைப் பொத்திக்கொண்டாராம். டாக்டர் என் வீட்டுக்காரரைப் பிடித்து உலுக்கினார். நீ சொல், பாம்பா என்றார். அவர் சொல்லவில்லை. அப்போதும் சொல்லவில்லை. ஆமாம் என்பதுபோல் தலையை மட்டும் ஆட்டினார் என்று மதார் சாகிப் பிற்பாடு சொன்னார். அந்த நேரத்தில்தான் அவர் தொழுகை முடித்து உள்ளே வந்திருக்கிறார்.

அதன் பிறகு நடந்தது ஓட்டமும் கூச்சலும்தான். ஈரத்துணியால் மஞ்சளைத் துடைத்து எடுத்தார்கள். பல் பட்ட இடத்தைப் பார்த்ததும் டாக்டர் தன் பாஷையில் மூத்தாரை ஏதோ திட்டினார். என்ன அர்த்தம் என்று தெரியாது, காது குளிர்ந்தது. விஷத்தை முறிக்கும் சீரம் கொண்டுவரச் சொல்லி நரம்பில் ஏற்றினார்கள். மூச்சு நின்றுவிடாமல் மதார் சாகிப் முகவாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தாராம். அந்தப் புண்ணியவான் பிள்ளைகுட்டியோடு நன்றாக இருக்கட்டும்.

பிழைத்தேன். இமை திறந்தது, நாக்கு மெல்ல மெல்லத் திரும்பியது. கை மட்டும் புண்ணாகி ஆற நாளானது.

மூத்தார் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். கட்டிலருகே நின்று, வந்தவர்களிடமெல்லாம் ஒரே கதை. "கடைசி வரைக்கும் நான் பேரு சொல்லலையே. அதனாலதான் தலைக்கு ஏறாம நின்னுது." கேட்டவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். நான் அவரை நகத்தால் கீறியதைக்கூட விஷத்தின் வேகம் என்று மன்னித்துவிட்டாராம்.

அவர் வெளியே போனதும் என் வீட்டுக்காரரைக் கேட்டேன். ஏன் சொல்லவில்லை?

"அண்ணன் பேசுறப்ப நான் எப்படிக் குறுக்க பேசுறது, மங்கை?"

"நான் செத்திருந்தா கொள்ளி வைக்கவும் உங்க அண்ணன உத்தரவு கேட்டிருப்பீங்களா?"

கண் கலங்கியது அவருக்கு. பாவம் என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றியது என்று பொய் சொல்ல மாட்டேன்.

பக்கத்துக் கட்டிலில் ஆஸியா பீவி என்று ஓர் அம்மாள், பிரசவமாகிப் படுத்திருந்தார். என் கைக்கட்டைப் பார்த்து என் வீட்டுக்காரரிடம் விசாரித்தார். "ஏங்க தம்பி, அந்தப் புள்ளைய என்ன கடிச்சுது?"

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். மூத்தார் தெருவில் வண்டியருகே நிற்கிறார், உள்ளே எங்கள் வீட்டார் வேறு யாரும் இல்லை. கடிபட்டவள் பிழைத்து உட்கார்ந்திருக்கிறாள். இப்போதாவது சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.

"பாம்புங்க," என்றார், எனக்கே கேட்டும் கேட்காத குரலில்.

சொன்னார். ஆனால் சொல்வதற்கு முன்னால் ஒரு தரம் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

வீட்டுக்குப் போக வண்டி தயார் என்று மூத்தார் குரல் கொடுத்தார். நான் மதார் சாகிப்பைக் கூப்பிட்டு, மண்டபத்தூரில் இருக்கும் என் தம்பிக்குச் சொல்லி அனுப்பச் சொன்னேன். என்னைக் கூட்டிப் போக அவன் வரட்டும் என்றேன். என் வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். போய் அண்ணனைக் கேட்டுக்கொண்டு வாங்கள் என்றேன்.

அவர் போனார்.