ஒராலியாவின் இருபத்தைந்து பவுண்டு

எலாடியோ ரென்டெரியாவின் வீட்டில் மனிதர்களை எடை பார்க்கும் கருவி கிடையாது. குளியலறையில் இருந்த ஒன்றை, பொய் சொல்கிறது என்று பத்து வருடத்துக்கு முன்பே குப்பையில் போட்டுவிட்டான். ஆனால் கராஜின் உத்தரத்தில் ஒரு கொக்கித் தராசு தொங்கியது. பந்தய சைக்கிள்களும் அவற்றின் உறுப்புகளும் மட்டுமே அதில் ஏறும் பாக்கியம் பெற்றவை. ஓர் இரும்பு போல்ட்டைக் கழற்றி டைட்டானியம் போட்டால் எட்டு கிராம் மிச்சம். அந்த வெற்றியை இரண்டு பன்றிக்கறி புரிட்டோவோடு கொண்டாடுவான்.

"வண்டிதான், கிழவி, பாரம். மனுஷன் பாரமில்ல, எஞ்சின்," என்பான்.

மனைவி ஒராலியாவை அவன் முதன்முதலில் கிழவி என்று கூப்பிட்டபோது அவளுக்கு வயது இருபத்திரண்டு. அவனும் அன்றிலிருந்தே அவளுக்குக் கிழவன்தான். அவள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். அவன் ஏசி பழுது பார்க்கிறான். மகன்கள் இருவரும் பி.எம்.எக்ஸ் என்னும் மண்மேட்டுப் பந்தய சைக்கிள் ஓட்டி, சலித்து, வேலைக்கென்று வேறு ஊர்களுக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் கூட்டிவந்த தாயும் தகப்பனும் டிராக்கிலேயே தங்கிவிட்டார்கள். ரிவர்சைடு பக்கம் இது நடப்பதுதான். இப்படித் தங்கிப்போகிறவர்களுக்கென்றே கொஞ்சம் பெரிய சக்கரம் வைத்த வண்டியும், வயதுவாரியாகப் பந்தயமும் உண்டு.

போன அக்டோபரில் ஒராலியா விழுந்தாள். எலாடியோ அவளுக்காக இளைக்க வைத்த வண்டியின் முதல் பந்தயம் அது. இரண்டாவது வளைவில், ஒல்லி முன் டயர் மண்ணைப் பிடிக்காமல் வழுக்கியது. இடது காறை எலும்பு இரண்டாக முறிந்தது. வேறு யாராக இருந்தாலும், வண்டி இவளுக்கு ரொம்பத்தான் லேசாகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். எலாடியோவின் தர்க்கம் வேறு: பந்தயம் தொடங்கும் கேட்டிலிருந்து தாமதமாகக் கிளம்பினாள், அதனால் கூட்டத்தில் மாட்டினாள், அதனால் விழுந்தாள், ஆகவே வண்டி இன்னும் லேசாக வேண்டும்.

அவள் கைக்கட்டோடு சோபாவில் கிடந்த வாரங்களில் அவன் கராஜிலேயே குடியிருந்தான். முன்சக்கரத்தைத் தாங்கும் கார்பன் ஃபோர்க் வந்தது. அலுமினிய ஹேண்டில்பார் வந்தது. சீட்டுக் கம்பியில் துளை போட்டான். "பத்தொன்பது பாயிண்ட் ரெண்டு," என்று ஒரு நாள் அவள் காதோரம் வந்து சொன்னபோது அவன் கண் கலங்கியிருந்தது. அவன் மன்னிப்புக் கேட்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. அதைப் பவுண்டு, அவுன்ஸில் அல்லாமல் வேறெப்படியும் கேட்க அவனுக்குத் தெரியாது. சிக்கலே அதுதான்.

எலும்பு கூடியபின் தெருவில் இரண்டு முறை ஓட்டிப் பார்த்தாள். கீழே வண்டி இருப்பதே தெரியவில்லை. சின்னக் காற்றுக்கும் முன்சக்கரம் வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டியது. இதில் ஏறினால் பயந்துகொண்டுதான் ஓட்டுவாள், பயந்தால் விழுவாள், இன்னொரு முறை விழுந்தால் இந்த ஜென்மத்தில் டிராக் பக்கம் வரமாட்டாள். குரோம் பூசிய பழைய இரும்பு ஃபோர்க்கும் அகல டயரும் இருந்தால் ஒரு சுற்று முழுசாக ஓட்டிவிடலாம். ஆனால், நீ எட்டு மாதமாகக் கேட்ட மன்னிப்பு எனக்கு வேண்டாம் என்று அவனிடம் எந்த வாயால் சொல்வது?

வியாழக்கிழமை மதியம், காலை டிரிப்புக்கும் மாலை டிரிப்புக்கும் நடுவில், அவனுடைய கருவிகளாலேயே எல்லாவற்றையும் கழற்றி, பழையதையே மாட்டி, போர்வை சுற்றி வைத்தாள். அன்று மாலையே சொல்லிவிட நினைத்தாள். வெள்ளிக்கிழமையும் நினைத்தாள். சனிக்கிழமை காலை, போர்வை சுற்றிய வண்டியை வேனில் ஏற்றிக்கொண்டு போகும்போது ஒவ்வொரு சிக்னலிலும் வாயைத் திறந்து வெயிலைப் பற்றிப் பேசினாள்.

டிராக்கில் நோர்பெர்த்தோ காத்திருந்தார். டைல்ஸ் கடைக்காரர். சனிக்கிழமைதோறும் அவர் கூடாரத்தில்தான் வண்டிகளுக்கு எடை பார்க்கும் சடங்கு. டிஜிட்டல் தராசில் தொங்கவிட்டு, பாதிரியார் குரலில் எண்ணை அறிவித்து, வெள்ளைப் பலகையில் எழுதுவார். இதற்காக யாரும் அவரை நியமிக்கவில்லை. நீக்கவும் யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

"வா மச்சான்! இருபதுக்குக் கீழயாமே? ஊரே அதைத்தான் பேசுது," என்றபடி அவரே போர்வையை உருவினார்.

எலாடியோ பார்த்தான். குரோம் ஃபோர்க்கைப் பார்த்தான். அகல டயர்களைப் பார்த்தான். ஒராலியா ஹெல்மெட்டின் வாரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நோர்பெர்த்தோ வண்டியைத் தூக்கும்போதே முனகினார். கொக்கியில் மாட்டினார். அவர் குனிவதற்குள் எலாடியோ தன் அகலமான உடம்பைத் தராசுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினான்.

"பத்தொன்பது பாயிண்ட் ரெண்டு," என்றான்.

"நகரு, நான் பாக்கறேன்."

"என் கண்ணு நல்லாத்தான் இருக்கு. எழுது."

"என் இடுப்பு வேற என்னமோ சொல்லுதே மச்சான்."

"உன் இடுப்பு டைல்ஸ் தூக்கிக் கெட்டுப்போச்சு."

"கார்பன்னா கறுப்பாத்தானே இருக்கும்? இது பளபளங்குது."

"மேல ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு. வெயிலுக்கு."

பின்னால் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். நோர்பெர்த்தோ ஒராலியாவைப் பார்த்தார். அவளுடைய இடது தோளைப் பார்த்தார். அரை அவுன்ஸ் பொய்க்கே இருவரைக் கூடாரத்திலிருந்து விரட்டியவர், பேனாவை எடுத்துப் பலகையில் 19.2 என்று எழுதினார்.

"நல்ல ஸ்டிக்கர்," என்றார்.

வேனுக்குப் பின்னால் போனதும் எலாடியோ கேட்டான்: "எப்ப கிழவி?"

"வியாழக்கிழமை. சொல்லணும்னுதான் இருந்தேன்."

"இருபத்தஞ்சு பாயிண்ட் ஒண்ணு காட்டுச்சு. இருபத்தஞ்சு! இதுக்கு எருமை மேல ஏறிப் போயிருக்கலாம்."

"எருமை வழுக்காது கிழவா."

அவன் மண்டியிட்டு, அவள் முறுக்கிய போல்ட்களை ஒவ்வொன்றாகச் சோதித்தான். ஒன்றுகூடத் தளரவில்லை. எழுந்திருக்காமலே பேசினான்.

"நீ விழுந்தப்ப நான் வேலிகிட்ட நின்னுட்டிருந்தேன். டயர் நான் வாங்கினது. நூத்தியறுபது கிராம் மிச்சம்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தேன்."

"தெரியும்."

"ஒரு தடவைகூட நீ என்னைத் திட்டல."

"நீ எங்க விட்டே? எந்நேரமும் எதையாச்சும் எடை போட்டுட்டிருந்தே. நடுவுல எங்கேருந்து திட்டறது?" அவள் அவன் வழுக்கைத் தலையில் கையை வைத்தாள். "எனக்குக் கீழ வண்டி இருக்கறது தெரியணும் கிழவா. அவ்வளவுதான்."

முதல் ஓட்டத்தில் ஐந்து பெண்கள். பச்சை விளக்கு, கேட் தடாலென்று சாய்ந்தது. ஒராலியா கடைசியாகத்தான் கிளம்பினாள். எலாடியோவின் தர்க்கத்தில் அந்த ஒரு வரி சரி. முதல் மேட்டில் வண்டி கனத்துக் கனத்து ஏறியது. ஆனால் இறங்கும்போது மண்ணில் பொத்தென்று உட்கார்ந்தது, எங்கேயும் ஆடவில்லை. இரண்டாவது வளைவு வந்தது. சாய்ந்தாள். அகல டயர் மண்ணைக் கவ்வியது. சரசரவென்று சத்தம் கேட்டது, பிடி விடவில்லை. வேலியோரத்தில் எலாடியோ கண்ணை மூடிக்கொண்டிருந்ததைப் பார்க்க அவளுக்கு நேரம்கூட இருந்தது. முன்னால் போனவள் அகலமாகச் சுற்ற, இவள் உள்பக்கமாகப் புகுந்து நான்காவதாக முடித்தாள்.

மூச்சிரைக்கக் கூடாரத்துக்கு வந்தாள். இன்னும் இரண்டு ஓட்டம் பாக்கி. ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

"பின்னாடி கொஞ்சம் காத்து இறக்கு," என்றாள்.

"எவ்வளவு?" அவன் காற்றளவு மானிக்குக் கை நீட்டினான்.

"அதெல்லாம் வேணாம். நான் சொல்றப்ப நிறுத்து."

அவன் சக்கரத்தருகே குந்தி, வால்வை அழுத்தினான். அவள் கட்டைவிரலால் டயரை அமுக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னும் கொஞ்சம்," என்றாள். "இன்னும். ஆங், போதும்."